ஐஸ் வீட்டு ரிஃபாய்க்காக ஒரு துஆ

அல்லாஹ்விடம் கையேந்தி துஆ கேட்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மற்ற பெண்கள் மகனுக்கு விசா வர வேண்டும், மருமகளுக்குக் குழந்தை தங்க வேண்டும், மூட்டுவலி குறைய வேண்டும் என்று கேட்பார்கள். நான் அதெல்லாம் கேட்பதில்லை. என் வீட்டு ஆட்கள் அல்லாஹ்வை அறிய வேண்டும், ஏதோ பேருக்கு இல்லாமல் ஆழமாக அறிய வேண்டும் என்று கேட்பேன். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்பேன். ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள் மர்வா விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுந்திருக்க வேண்டும், செல்போனைக் கொஞ்ச நேரமாவது கீழே வைக்க வேண்டும் என்று கேட்பேன். என் கணவர் ரிஃபாயின் முறை வந்தால் மட்டும் துஆ நீண்டுவிடும். அவரிடம் எங்கே குறை இருக்கிறது, அதை எப்படிச் சரி செய்யலாம் என்று அல்லாஹ்வுக்கே வழி சொல்லிக் கொடுப்பேன். பக்கத்து வீட்டு சூஃபியா ஒருநாள் என் அருகில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "நீ துஆ கேக்கிறியா, போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுக்கிறியாடி?" என்றாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

ரிஃபாய் பத்தொன்பது வருடம் சவூதியில், தம்மாமில் மெக்கானிக்காக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஊரோடு வந்துவிட்டார். இப்போது பெரியபட்டினம் கடற்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வள்ளத்து இஞ்சின்களைப் பழுது பார்க்கிறார். நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார், புறம் பேச மாட்டார், சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால் சத்தம் போடாமல் தானே எடுத்துப் போட்டுக்கொள்வார். தொழுகை என்று வந்தால்தான் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். கடைசி வரிசையில், செருப்புக்குப் பக்கத்தில் நிற்பார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு கிளம்பிவிடுவார். ஊரே துஆவுக்குக் கையேந்தும்போது இவர் தெருவில் நடந்து வந்துகொண்டிருப்பார். வீட்டில் நான் கையேந்தினால் அடுப்படிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்.

எங்களுக்கு சஃபீர் என்று ஒரு மகன் இருந்தான். எட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். பதினான்கு வருடமாகிறது. அதன் பிறகுதான் நான் தொழுகைப் பாயை விட்டு எழாதவளாக ஆனேன். அதன் பிறகுதான் இவர் இப்படி ஆனார். ஈமானில், இறைநம்பிக்கையில், பலவீனமான மனிதர், ஒரு சோதனையைத் தாங்க முடியவில்லை என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். அவரிடம் கேட்டதில்லை. சஃபீரைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதே இல்லை. பேசாமலிருப்பதை மட்டும் ஒற்றுமையாகச் செய்து வந்தோம்.

எங்கள் தெருப் பள்ளிவாசலில் துஆச் சீட்டு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பெண்கள் மதரசாவின் வாசலில் ஒரு தகரப் பெட்டி தொங்கும். வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதில் போட்டால், தொழுகை நடத்தும் ஹஜ்ரத் ஜும்ஆ முடிந்ததும் ஒவ்வொன்றாகப் படித்து துஆ கேட்பார், ஊர் முழுக்க ஆமீன் சொல்லும். ஒலிபெருக்கி வைத்திருப்பதால் வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் கேட்கும். நோய்க்கு என்றால் பெயரையும் வீட்டுப் பெயரையும் எழுதுவோம். வழிதவறியவருக்கு என்றால் 'ஒரு சகோதரர்' என்று மட்டும் எழுதுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் எழுதினேன். 'ரிஃபாய் என்ற ஒரு சகோதரருக்கு' என்று வீட்டுப் பெயர் போடாமல் எழுதினேன். எங்கள் தெருவில் நான்கு ரிஃபாய் இருக்கிறார்கள். இரண்டே மாதத்தில் மாடி வீட்டு ரிஃபாய் தாடி வைத்து, வெள்ளை ஜிப்பா போட்டு, முதல் வரிசையில் போய் நின்றார். எனக்கு வயிறு எரிந்தது. நான் அழுது கேட்ட துஆ வீடு மாறிப் போய்விட்டது என்று நம்பினேன். சிரிக்கலாம், ஆனால் அப்போது உண்மையாகவே நம்பினேன்.

அதனால் இந்த வருடம் தெளிவாக எழுதினேன். 'ஐஸ் வீட்டு ரிஃபாய் அவர்களுக்கு அல்லாஹ்வை அறியும் பாக்கியமும் தொழுகையில் ஆசையும் கிடைக்க துஆ செய்யவும்.' என் மாமனார் காலத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்ததால் எங்களுக்கு அந்தப் பெயர். அது ஹஜ்ரத்தின் கண்ணுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். பழைய ஹஜ்ரத் இருந்திருந்தால் மனதுக்குள் படித்துக்கொண்டு, வெளியே 'ஒரு சகோதரருக்கு' என்று சொல்லியிருப்பார். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய், தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஹஜ்ரத் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டில் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு, பாரை மீன் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் சீட்டுகள் படிக்கப்பட்டன. யாருக்கோ கண் ஆப்பரேஷன், யாருக்கோ துபாயில் வேலை. பிறகு அந்த இளம் குரல், ஒரு எழுத்துக்கூட விடாமல், நிறுத்தி நிதானமாக, ஐஸ் வீட்டு ரிஃபாய் அவர்களுக்கு என்று ஆரம்பித்தது. கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. முழுவதையும் படித்தார். யாரோ இரண்டு பேர் சிரிப்பை அடக்குவது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. அப்புறம் ஊர் ஆமீன் சொன்னது.

எப்படியும் அவர் அந்நேரம் வெளியே போயிருப்பார், எப்போதும் போவது போல, என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் சூஃபியா ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரர் சொன்னாராம். இன்றைக்கு ரிஃபாய் போகவில்லையாம். முதல் தடவையாகத் துஆவுக்கு உட்கார்ந்திருந்தாராம். சீட்டைப் படித்ததும் எழுந்து, ஆட்களைத் தாண்டி, செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனாராம்.

சாப்பாட்டுக்கு வரவில்லை. மாலை அஸர் தொழுகை நேரத்துக்கு வந்தார். கை கழுவினார், ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார், குழம்பு நன்றாயிருக்கிறது என்றார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அழுதிருப்பேன், அது ஒரு முடிவுக்கு வந்திருக்கும். அவர் திட்டவே இல்லை. மறுநாள் இளம் ஹஜ்ரத் வீடு தேடி வந்து, தான் முன்பு இருந்த ஊரில் எழுதியதை எழுதியபடியே படிப்பதுதான் வழக்கம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். பாவம், அந்தப் பிள்ளையின் மேல் எந்தத் தப்பும் இல்லை. ரிஃபாய் அவருக்குத் தேநீர் கொடுத்து, இந்த வருடம் நண்டு வரத்துக் குறைந்துபோனதைப் பற்றிப் பேசி அனுப்பிவைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகவில்லை. கொட்டகையில் வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னார். அலட்சியமாக மூன்று ஜும்ஆவைத் தொடர்ந்து விட்டவனுடைய நெஞ்சில் முத்திரை விழுந்துவிடும், பிறகு அந்த நெஞ்சு திறக்காது என்று சின்ன வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். பதினான்கு வருடம் எப்படியிருந்தாலும் அவர் ஜும்ஆவை மட்டும் விட்டதில்லை. மிச்சமிருந்த அந்த ஒரு நூலையும் என் கையாலேயே அறுத்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்காகக் கேட்டுக் கேட்டு, அவரை வாசலுக்கு வெளியே தள்ளியவள் நான்தான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் பத்து மணிக்கு நான் கடற்கரைக்குப் போனேன். பெண்கள் யாரும் அந்தக் கொட்டகைப் பக்கம் போவதில்லை. தனுஷ்கோடி என்ற மீனவர் தன் வள்ளத்து இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கே பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். ரிஃபாய் டீசல் பம்பைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார். முழங்கை வரைக்கும் கருப்பு எண்ணெய்.

வழி முழுக்க மென்மையாகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தால் வேறு விதமாக வந்தது.

"இன்னைக்கு மூணாவது வெள்ளி. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இங்கன உக்காந்துருக்கீங்க? ஏம்மேல உள்ள கோவத்த அல்லாட்ட காட்டுவீங்களா மச்சான்?"

அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். பிறகு, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு ஐஸ் பெட்டியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல், பம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சஃபீர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பாஸ்போர்ட்டை முதலாளி இரண்டு நாள் கொடுக்காததும், மூன்றாம் நாள் கொடுத்து விமான நிலையத்துக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த கதை. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் பிள்ளை போய்விட்டான் என்ற போன் போனது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. அவர் விமான நிலையத்தில் இருந்த தொழுகை அறைக்குள் போயிருக்கிறார். தொழ ஆரம்பித்து, குர்ஆனில் குல்ஹுவல்லாஹ் என்று தொடங்கும் சூராவை ஓதியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்யும் நாலு வரி அது. அல்லாஹ் ஒருவன், அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்று வரும்.

"அவன் யாரையும் பெறலைங்கிற எடத்துல நின்னுட்டேன் மெஹரு. அதுக்கு மேல ஓத முடியல. தொழுகைய விட்டுட்டு, சத்தமாவே சொன்னேன். உனக்குப் புள்ள இல்ல, உனக்கு எப்படித் தெரியும்னு."

பக்கத்தில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். பையை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். வந்து சேர்ந்தபோது பிள்ளையின் முகம் இல்லை, மண் மூடிய கபர்தான் இருந்தது.

"அல்லா மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல. அது அந்த வருசமே போச்சு. பேசுன பேச்சுதான் போகமாட்டேங்குது. அந்த சூராதான் எல்லா எடத்துலயும் வருது, எந்தத் தொழுகைக்கு நின்னாலும் வருது. நா அந்த வரில வந்து நின்னுருறேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன்ட்ட கை ஏந்த?"

மூன்று வருடமாக இந்த மனிதரின் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறேன். அவர் அல்லாஹ்வை நினைப்பதே இல்லை என்று அல்லாஹ்விடமே புகார் சொல்லியிருக்கிறேன். அவரோ ஒவ்வொரு நாளும் அந்த வாசலுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார்.

அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் ஏன் துஆவுக்கு உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். மர்வா போன் செய்தாளாம். பரீட்சைக்குப் பயமாயிருக்கிறது, நீங்கள் எனக்காகக் கேளுங்கள் வாப்பா என்றாளாம். தனக்கென்று கேட்கத்தான் முகமில்லை, மகளுக்குக் கேட்கலாம் என்று துணிந்து உட்கார்ந்திருக்கிறார். கையை மடியிலிருந்து எடுப்பதற்குள் அவருடைய பெயரைப் படித்துவிட்டார்கள்.

"ஊரு சிரிச்சது பெருசில்ல புள்ள. அன்னைக்குப் பேசுனதுக்கு இப்ப பதில் வந்துருச்சுன்னு நெனச்சேன். எல்லாத்துக்கும் முன்னால வச்சு, உனக்கு என்னயத் தெரியாது போடான்னு சொன்ன மாதிரி இருந்துச்சு." ஸ்பானரைச் சாக்கின் மேல் வைத்தார். "அந்தச் சீட்டுல ஏம்பேருக்குப் பக்கத்துல உம்பேரையும் நீ எழுதியிருந்தீன்னா நா எந்திரிச்சிருக்க மாட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குள் அவ்வளவு தூரம் போனது. என் பெயரை நான் எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை. பெட்டியில் மட்டுமல்ல, பாயில் உட்கார்ந்து கேட்கும்போதும் என் பெயரைச் சொன்னதில்லை. அது பெருந்தன்மை என்று சூஃபியா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். ஏன் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். அதை அன்றைக்கு அந்த எண்ணெய் நாற்றத்தில், ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, முதல் தடவையாக ஒரு மனிதரிடம் சொன்னேன்.

சஃபீர் ஆஸ்பத்திரியில் இருந்த முதல் இரண்டு நாளும் நான் கண் மூடவில்லை. மூன்றாம் நாள் பகலில் என் கொழுந்தியாள், ரிஃபாயின் தங்கை, வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் லுஹர் தொழுதுவிட்டுப் பிள்ளைக்காகக் கேள் என்றாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு இடத்தில், போர்த்தியிருந்த துப்பட்டியை விரித்தேன். தொழவில்லை. ஒரு நிமிடம் சாயலாம் என்று தலையை வைத்தேன். என்னை எழுப்பியபோது பிள்ளையை மூடியிருந்தார்கள்.

"நா கேக்கவே இல்ல மச்சான். நீங்களாச்சும் நின்னு சண்ட போட்டீங்க. நா தூங்கிட்டேன். புள்ள போற நேரத்துல, கேக்க வேண்டிய நேரத்துல, தூங்கிட்டேன். அதுலருந்து ஊருக்கெல்லாம் கேக்குறேன், எனக்குன்னு வாயே தொறக்க மாட்டேங்குது. அன்னைக்கு எங்க போனேன்னு அவன் கேட்டா நா என்ன சொல்ல?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சஃபீர் போனதிலிருந்து என்னை அப்படி அவர் பார்த்ததில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். மூக்கைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதேன். எதை அவரிடம் கேட்க வந்தேனோ அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஜும்ஆ, முத்திரை என்று நான் தயாரித்து வந்த பேச்சு எதுவும் இனி உதவாது என்று தெரிந்தது.

"மர்வாவுக்குக் கேக்கலாம்னு உக்காந்தீங்கல்ல? அந்த மாதிரி எனக்குக் கேளுங்க. எனக்குக் கேக்க ஆளு இல்ல."

அவர் தன் கைகளைப் பார்த்தார். நகத்துக்குள், ரேகைக்குள் எல்லாம் கருப்பு. வேறொரு நாளாயிருந்தால் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, தொழுகைக்கான ஒளுச் செய்துவிட்டு வாருங்கள் என்று நானே விரட்டியிருப்பேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் கைகளைச் சேர்த்து, நெஞ்சுக்கு நேரே மெதுவாக ஏந்தினார்.

"யா அல்லாஹ்" என்றார். அதற்குப் பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தார். அரபு துஆ எதுவும் இல்லை. தனுஷ்கோடியிடம் இஞ்சினைப் பற்றிப் பேசுகிற அதே சாதாரணக் குரல்.

"மெஹரு தூங்கிட்டா. ரெண்டு நாளா முழிச்சுக் கெடந்தா, அதான் தூங்கிட்டா. வேணும்னு தூங்கல. அது உனக்குத் தெரியும்."

நிறுத்தினார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும். உதடு கோணியது.

"உனக்குத் தெரியும்" என்று திரும்பவும் சொன்னார். "எல்லாம் உனக்குத் தெரியும். இவளுக்கும் அதத் தெரிய வையி."

நான் ஆமீன் சொல்ல வேண்டும். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்காக ஒருவர் கேட்டதற்குச் சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தும் வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது.

அவர் கையை இறக்கி, சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்தார். சட்டையெல்லாம் எண்ணெயானது. கொட்டகைக்கு வெளியே வெயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

"வெள்ளச் சட்ட தேச்சிருக்கா?" என்று கேட்டார்.

தேய்க்கவில்லை, இப்போதே போய்த் தேய்க்கிறேன் என்று நான் எழுந்து நடந்தேன்.